கிளம்பாத பழைய லாரி: டீசல் எண்ணெய் தடைப்படும் இடத்தைக் கண்டறியும் முறை

பழைய டீசல் லாரி கிளம்ப மறுத்தால் சங்கத்திற்கு இருவகை நஷ்டம் நேருகிறது. ஒன்று, சரக்கு நின்றுபோவதால் வருவது. அறுவடைக் காலத்தில் ஏற்றிய நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையம் போய்ச் சேராமல் ஓர் இரவு வெளியில் கிடந்து மழையில் நனையுமாயின், 17 சதவீதத்திற்கு மேல் ஈரம் என்று மறுநாள் திருப்பிவிடக்கூடும். அந்த நஷ்டம் சங்கத்தின் புத்தகத்தில் ஏறாது. உழவர் தலையில் விழும். மற்றொன்று, காரணம் தெரியாமல் செய்யும் ரிப்பேர்ச் செலவு. எண்ணெய் வரவில்லை என்று கண்டவுடன் இஞ்செக்ஷன் பம்பைக் கழற்றி நகரத்துப் பட்டறைக்கு அனுப்பிவிடுவது பலருக்கு வழக்கமாயிருக்கிறது. பம்ப் திரும்பி வருவதற்குச் சில நாட்கள் ஆகும். பில்லும் பெரிதாகவே இருக்கும். அதை மாட்டிய பின்னும் லாரி கிளம்பாமல், கடைசியில் டாங்கின் அருகே ஒரு ரப்பர் ஹோஸில் மயிரிழை போன்ற வெடிப்பு அகப்படுவதுண்டு.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் உழவர் மதகிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து பார்ப்பாரேயன்றி வயலை வெட்டிப் பார்ப்பதில்லை. லாரிக்கும் அதுவே முறை. டாங்கிலிருந்து புறப்படும் எண்ணெய், காற்றுக் கலவாமல் எந்த இடம் வரையில் வந்து சேருகிறது என்ற ஒரே கேள்வியைப் படிப்படியாகக் கேட்டுக்கொண்டு போகவேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஸ்பானர்களும், ஒரு சுத்தமான கேனும், உள்ளே ஓடுவது தெரியும்படியான ஒரு கஜம் பிளாஸ்டிக் குழாயும் போதும்.

எந்த லாரிக்கு இம்முறை பொருந்தும்

1954-ஆம் ஆண்டில் டெல்கோ கம்பெனியார் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்துகொண்டு இந்தியாவில் லாரி செய்யத் தொடங்கினர். சென்னையை அடுத்த எண்ணூரிலிருந்து அசோக் லேலண்ட் லாரிகள் வந்தன. 1927-இல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனியார் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய இஞ்செக்ஷன் பம்ப், 1951-இல் நிறுவப்பட்ட பெங்களூர் மைக்கோ கம்பெனியின் மூலம் இந்நாட்டிலேயே செய்யப்படலாயிற்று. இவ்வகைப் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சிறு பிளஞ்சர் வரிசையாக நிற்கும். மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. இப்பாடம் அத்தகைய லாரிகளுக்கே உரியது. பிற்காலத்து காமன் ரெயில் லாரிகளில் எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கும் மேற்பட்டது. அவற்றின் பைப்புகளை வழியில் நின்று தளர்த்துவது உயிருக்கே அபாயமாகும். அவற்றைத் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

டீசல் யந்திரத்தில் நெருப்புப் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் 16, 17 மடங்கு சுருக்க, காற்று மிகுந்த சூடேறுகிறது. அச்சமயத்தில் நாசில் வழியே எண்ணெய் பனிபோலத் தெளிக்கப்பட்டுத் தானே பற்றிக்கொள்கிறது. நாசில் திறப்பதற்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் வேண்டும். எண்ணெயை நெருக்கினால் அது அநேகமாகச் சுருங்குவதில்லை. ஆதலால் பிளஞ்சர் சிறிது அசைந்தவுடனே அழுத்தம் ஏறிவிடுகிறது. காற்றோ பந்துபோலச் சுருங்கும். பம்பினுள் ஒரு சிறு காற்றுக்குமிழ் புகுந்துவிட்டால், பிளஞ்சரின் வேலையெல்லாம் அக்குமிழைச் சுருக்குவதிலும் விடுவதிலுமே கழிந்து, நாசில் திறப்பதே இல்லை. டிரைவர்கள் "ஏர் பிடித்துவிட்டது" என்று சொல்வது இதைத்தான். டாங்க் நிறைய எண்ணெய் இருந்தும், பம்ப் புதிதாயிருந்தும் லாரி கிளம்பாததற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

முதலில் புகையைப் பார்த்தல்

ஸ்பானரை எடுக்குமுன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, சக்கரத்திற்குக் கட்டை வைத்து, ஒருவர் செல்ப் போட மற்றொருவர் சைலென்ஸரின் வாயைக் கவனிக்கவேண்டும். யந்திரம் சோம்பலாகச் சுழன்றால் குற்றம் பாட்டரியிலோ செல்ப் மோட்டாரிலோ இருப்பதால், எண்ணெய் வழியைத் தேடிப் பயனில்லை. மெதுவாகச் சுழலும் யந்திரத்தில் காற்று போதிய சூடேறாது. நல்ல வேகத்தில் சுழன்றும் புகையே வரவில்லையானால் எண்ணெய் சிலிண்டருக்குப் போகவில்லை என்பது அநேகமாக நிச்சயம். வெண்மையான அல்லது சாம்பல் நிறப் புகை வந்தால் எண்ணெய் போகிறது, ஆனால் பற்றவில்லை என்று கொள்ளவேண்டும். அதற்குக் காரணம் கம்ப்ரஷன் குறைவு, டைமிங் தவறு, நாசில் கெடுதி முதலியன. அவை வேறு பாடம்.

செல்ப் மோட்டாரை ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து விநாடிகளுக்கு மேல் ஓட்டலாகாது. ஒவ்வொரு தடவைக்கும் இடையில் ஒரு நிமிஷமாவது ஓய்வு கொடுக்கவேண்டும். காரணத்தைத் தேடாமல் செல்பையே திரும்பத் திரும்பப் போட்டு, பாட்டரியை இறக்கி, மோட்டாரையும் சுட்டுப் பொசுக்கியபின் எண்ணெய்க் குற்றம் ஒன்றாயிருந்தது மூன்றாகிவிடும். வேறொரு லாரியைக் கொண்டு இழுத்துக் கிளப்புவதும் இப்படியே. நாசிலுக்கு எண்ணெய் வராத யந்திரத்தை மதுரைவரையில் இழுத்துச் சென்றாலும் அது கிளம்பாது.

அடுத்தபடியாக, யந்திரத்தை நிறுத்தும் கம்பியைப் பார்க்கவேண்டும். பழைய லாரிகளில் டிரைவர் முன்னுள்ள குமிழை இழுத்தால் பம்பின் நிறுத்து லீவர் திரும்பி எண்ணெயை மூடும். கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தால், குமிழ் உள்ளே போனாலும் லீவர் முழுவதும் திரும்பாமல் நின்றுவிடுவதுண்டு. பானெட்டைத் திறந்து லீவரைக் கையால் ஓட்டும் நிலைக்குத் தள்ளிப் பார்ப்பதற்கு அரை நிமிஷம் போதும். இதை விட்டுவிட்டுப் பம்பைக் கழற்றியவர்களும் உண்டு.

டாங்கும் உறிஞ்சும் பைப்பும்

டாங்கில் எண்ணெய் உண்டா என்பதை மீட்டரைக் கேட்காமல் குச்சியைக் கேட்கவேண்டும். பழைய லாரியின் எண்ணெய் மீட்டர் சொல்வதை நம்பிப் பிரயாணம் செய்தவர்கள் நடந்து திரும்பியிருக்கிறார்கள். டாங்க் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சப்தம் கேட்டால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. எண்ணெய் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று புக வழியில்லாமல் டாங்கினுள் வெறுமை உண்டாகி, பம்ப் இழுத்தும் எண்ணெய் வருவதில்லை. சிறிது தூரம் ஓடி நின்றுபோய், அரைமணி கழித்துத் தானே கிளம்பும் லாரியில் முதலில் பார்க்கவேண்டியது இத்துளையே.

டாங்கினுள் இறங்கும் உறிஞ்சு குழாய் நடுவில் விண்டிருப்பதும் உண்டு. வெளியிலிருந்து இது தெரியாது. ஆயினும் அடையாளம் ஒன்று இருக்கிறது. டாங்க் நிறைந்திருக்கும்போது ஒழுங்காக ஓடும் லாரி, அரை டாங்கிற்குக் கீழே எண்ணெய் இறங்கியதும் ஏர் பிடித்துத் தொந்தரவு செய்யும். விண்ட இடம் எண்ணெயில் மூழ்கியிருக்கும் வரையில் கெடுதி வெளிப்படுவதில்லை. எண்ணெய் போட்டால் சரியாகிவிடுகிறது என்று டிரைவர் சொன்னால், எண்ணெயின் குணம் அது என்று எண்ணாமல் குழாயைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

டாங்கிலிருந்து பீட் பம்ப் வரையில் உள்ள பைப்பே இப்பாடத்தில் முக்கியமான பகுதி. லாரியின் டாங்க் சாதாரணமாக யந்திரத்திற்குத் தாழ்வாகச் சேஸிஸின் பக்கத்தில் தொங்குகிறது. பீட் பம்ப் அங்கிருந்து எண்ணெயை உறிஞ்சி மேலே இழுக்கவேண்டும். இழுக்கும்போது பைப்பினுள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. ஆகையால் இப்பகுதியில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டுவதில்லை. காற்று உள்ளே போகிறது. "எங்கும் ஒழுகவில்லை, பைப்பெல்லாம் நன்றாயிருக்கிறது" என்று டிரைவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஒழுகாமையே இவ்விடத்தில் ஏமாற்றம். பீட் பம்பிற்கு அப்பால் எண்ணெய் தள்ளப்படுவதால், அங்கே ஓட்டை இருந்தால் யந்திரம் ஓடும்போது ஈரமும் அழுக்கும் படிந்து தெரிந்துவிடும்.

மாலையில் நன்றாக ஓடி நின்ற லாரி காலையில் மட்டும் கிளம்பாமல், கைப்பம்பைப் பல தடவை அடித்த பின்பே கிளம்புகிறதென்றால், இரவில் எங்கோ காற்றுப் புகுந்து எண்ணெய் டாங்கிற்கே இறங்கிவிட்டது என்று பொருள். சூடு ஆறி வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், அல்லது பேஞ்சோ போல்ட்டின் இருபுறமும் இருக்கும் செப்பு வாஷர் இதற்குக் காரணமாகும். செப்பு வாஷர் ஒரு தடவை இறுக்கியவுடன் அமுங்கிக் கடினமாகிவிடுகிறது. அதையே மறுபடி போட்டு இறுக்கினால் சரியாகப் படிவதில்லை. மிகச் சொற்ப விலையுள்ள வாஷரைச் சிக்கனம் என்று கருதித் திரும்பப் போடுவது சிக்கனமன்று.

இப்பகுதியைச் சோதிக்கச் சிறந்த உபாயம் கேன் சோதனை. சுத்தமான டீசல் ஐந்து லிட்டர் கொண்ட கேனைப் பீட் பம்பிற்குச் சற்று உயரத்தில் கட்டி, டாங்கிலிருந்து வரும் பைப்பைப் பீட் பம்பில் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கேனில் விடவேண்டும். பிறகு கீழே சொல்லியபடி காற்றை நீக்கிச் செல்ப் போட்டால் லாரி கிளம்பி நின்று ஓடுமாயின், குற்றம் டாங்கிற்கும் பீட் பம்பிற்கும் நடுவில்தான். இஞ்செக்ஷன் பம்பைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. ஒரு மணி நேரத்திற்குள் பாதி வழியின் மீதிருந்த சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. கேனிலிருந்து ஓட்டியும் கிளம்பாவிட்டால் மேலே போகவேண்டும்.

பீட் பம்பும் பில்டரும்

பீட் பம்ப் இஞ்செக்ஷன் பம்பின் பக்கத்திலேயே மாட்டப்பட்டிருக்கும். அதன்மேல் கையால் அடிக்கும் குமிழ் ஒன்றுண்டு. குமிழைத் திருகி விடுவித்து அடிக்கும்போது கைக்குத் தெரியும் உணர்ச்சியே ஒரு சோதனை. இழுப்பதற்குக் கடினமாயிருந்து விட்டவுடன் கீழே திரும்பிப் போகப் பார்த்தால், உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு. தள்ளுவதற்குக் கடினமாயிருந்தால் பில்டரின் பக்கத்தில் அடைப்பு. இரண்டுமின்றி எதிர்ப்பே இல்லாமல் லேசாகப் போய்வந்தால், காற்றை இழுக்கிறது, அல்லது உள்ளேயுள்ள வால்வுகளில் மண் சிக்கியிருக்கிறது. பீட் பம்பிலிருந்து பில்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி அடித்துப் பார்த்தால் எண்ணெய் ஒவ்வோர் அடிக்கும் பீறிட்டு வரவேண்டும், அழுது வடியலாகாது. பீட் பம்பின் கீழே சிறு கிண்ணமும் வலையும் இருந்தால் அவற்றைக் கழுவி, கிண்ணத்தின் வாஷரையும் பார்க்கவேண்டும். வேலை முடிந்தபின் குமிழைத் திரும்பத் திருகி மூட மறப்பவர் பலர். மூடாத குமிழ் வழியாகவே மறுநாள் காற்றுப் புகும்.

பில்டர் இரண்டு இருக்கும். முதலாவது கம்பளி அல்லது துணி, இரண்டாவது காகிதம். அடைபட்ட பில்டருடன் வெறும் லாரி சமவெளியில் ஓடிவிடும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது மூச்சுத் திணறும். அந்தக் குறி தென்பட்ட நாளிலேயே மாற்றியிருந்தால் கிளம்பாத நிலை வந்திராது. காகித பில்டரைக் கழுவிப் போடுவது வீண்; கழுவும்போது காகிதம் கிழிந்து அழுக்கை நேரே பம்பிற்கு அனுப்பும். புதிய பில்டரைப் போடும்போது மேல் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடவேண்டும். பழைய வளையத்தின் மேலேயே புதியதை வைத்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் காற்றுப் புகும்.

காற்றை நீக்கும் வரிசை

காற்றைத் துரத்துவதற்கு வரிசை உண்டு. டாங்கின் பக்கமிருந்து நாசில் பக்கமாகவே போகவேண்டும். முதலில் பில்டரின் தலையிலுள்ள சிறு ஸ்குரூவைத் தளர்த்திக் கைக்குமிழை அடித்தால் நுரையும் குமிழுமாக எண்ணெய் வரும். குமிழ்கள் நின்று தெளிந்த எண்ணெய் வந்தவுடன், அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குரூவை இறுக்கவேண்டும். அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் அந்த இடைவெளியில் காற்று திரும்பிவிடுகிறது. இரண்டாவதாக, இஞ்செக்ஷன் பம்பிலுள்ள ஸ்குரூவை அதேவிதமாகச் செய்யவேண்டும். எத்தனை நேரம் அடித்தும் குமிழ் நிற்கவில்லையானால், நீக்குவதை விட்டுப் புகும் வழியைத் தேடவேண்டும். ஓட்டைக் குடத்தை நிரப்ப முயன்று பயனில்லை.

மூன்றாவதாக, நாசில் முனையில் இரண்டு சிலிண்டர்களின் பைப் நட்டுகளை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி, நிறுத்து லீவர் ஓட்டும் நிலையில் இருக்கச் செல்ப் போடவேண்டும். எண்ணெய் துப்பித் துப்பி வெளிவந்ததும் நட்டை இறுக்கிவிடலாம். பெரும்பாலும் மற்றச் சிலிண்டர்களைக் கொண்டே யந்திரம் பற்றிக்கொள்ளும். இச்சமயத்தில் பைப்பின் முனைக்கு நேரே கையையோ முகத்தையோ கொண்டுபோகலாகாது. நாசிலிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். மேலே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளியே தெரியும். வலியும் முதலில் அதிகமிராது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரும். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திராமல், அந்த மணியிலேயே ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் சென்று என்ன நேர்ந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும்.

பம்பின் மீது குற்றம் எப்பொழுது

பம்பின் வாயில்வரை காற்றில்லாத எண்ணெய் தாராளமாக வந்தும், நாசில் முனையில் துப்பாவிட்டால் பம்பை நோக்கவேண்டும். அப்பொழுதும் கழற்றுவதற்குமுன் மூன்று விஷயங்கள் பாக்கி. செல்ப் போடும்போது பம்பின் தண்டு சுழல்கிறதா? கப்ளிங் உடைந்திருந்தால் யந்திரம் சுழன்றும் பம்ப் சும்மா நிற்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த லாரியாயின், எண்ணெயை அளந்து கொடுக்கும் பல் கம்பி பிசினால் ஒட்டிக்கொண்டு மூடிய நிலையிலேயே இறுகியிருக்கக்கூடும்.

மூன்றாவது, பம்பிலிருந்து டாங்கிற்கு மிச்ச எண்ணெய் திரும்பும் பைப்பிலுள்ள ஓவர்ப்ளோ வால்வு. பார்வைக்குச் சாதாரண பேஞ்சோ போல்ட் போலவே இருக்கும். உள்ளே ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. பம்பினுள் எண்ணெய் சிறிது அழுத்தத்துடன் நிற்பதற்கு இதுவே காவல். இது தொலைந்த இடத்தில் அவசரத்திற்கு வெறும் போல்ட்டை மாட்டிவிட்டால், பீட் பம்ப் கொடுப்பதெல்லாம் தடையின்றி டாங்கிற்கே திரும்பிப் போகும். பிளஞ்சர்கள் பட்டினி கிடக்கும். வாங்கிய பழைய லாரியில் இக்குறை முந்தின சொந்தக்காரரிடமிருந்தே வந்திருக்கக் கூடுமாதலால், அதைக் கழற்றி உள்ளே குண்டு ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

இவையெல்லாம் சரியாயிருந்து, நாசில் முனையில் எண்ணெய் வரவில்லையானால், அப்பொழுது பம்பைப் பட்டறைக்கு அனுப்புவது நியாயமான செலவே. அனுப்பும்போது எந்தெந்தச் சோதனை செய்யப்பட்டது, என்ன தெரிந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி உடன் அனுப்பினால், பட்டறைக்காரரும் வேண்டாத சாமானை மாற்ற யோசிப்பார்.

கிளம்பாத லாரியின் காற்று பில்டரில் பெட்ரோல் துணியைக் காட்டிக் கிளப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பெட்ரோல் ஆவி பிஸ்டன் மேலே வருமுன்னரே வெடித்துப் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் உடைக்கும். துணி பிடித்தவர் முகமும் வேகும். எண்ணெயில் மண்ணெண்ணெய் கலப்பதும் இதற்குச் சளைத்ததன்று. இஞ்செக்ஷன் பம்பின் பிளஞ்சர்களுக்கு டீசலைத் தவிர வேறு வழவழப்பு கிடையாது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருப்பதில்லை. கந்தகத்தை நீக்கும்போது குறையும் வழவழப்பை ஈடுசெய்ய உரிய மருந்து கலந்தே விற்கிறார்கள். அதில் மண்ணெண்ணெயை ஊற்றினால் அந்த வழவழப்பும் போய்ப் பிளஞ்சர் தேயும்.

தண்ணீர் மற்றொரு சத்துரு. பாதி காலியான டாங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் துளித்துளியாகச் சுவரில் படிந்து அடியில் சேருகிறது. ஆகையால் மாலையில் லாரியை நிறுத்துமுன் டாங்கை நிரப்புவது காலையில் நிரப்புவதைவிட மேல். மாதம் ஒரு தடவை டாங்கின் அடி பிளக்கையும் பில்டரின் அடி ஸ்குரூவையும் காலையில் செல்ப் போடுமுன் திறந்து, கண்ணாடிச் சீசாவில் சிறிது பிடித்துப் பார்த்தால் தண்ணீர் கீழே தனியாக நிற்கும். பீப்பாயில் டீசல் வாங்கிவைக்கும் சங்கங்கள், பீப்பாயின் அடியிலுள்ள கடைசி நாலு விரற்கடை எண்ணெயை லாரிக்கு ஊற்றலாகாது.

லாரியின் பெட்டியில் எப்பொழுதும் இருக்கவேண்டியவை: பில்டர் ஒரு ஜோடி, தேவையான அளவுகளில் செப்பு வாஷர்கள், ஒரு கஜம் பிளாஸ்டிக் குழாய், இரண்டு கிளிப், நெருங்கிய வலையுள்ள புனல், 14, 17, 19 நம்பர் ஸ்பானர்கள். இவற்றுடன் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வேண்டும். பில்டர் மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், எந்த நாளில் கைப்பம்ப் அடிக்க நேர்ந்தது என்பவற்றை டிரைவர் எழுதிவர, காரியதரிசி மாதம் ஒரு தடவை கையெழுத்திட்டால் போதும். ஒரே மாதத்தில் மூன்று காலை கைப்பம்ப் அடித்ததாக அதில் எழுதியிருந்தால், அறுவடை வருமுன் உறிஞ்சு பைப்பின் ஹோஸையும் வாஷர்களையும் மாற்ற உத்தரவிடவேண்டும்.